மின் ஸ்கூட்டருக்குக் காப்பீடு எடுக்கும் முன்

கோபிசெட்டிபாளையம் பக்கம் யார் மின் ஸ்கூட்டர் வாங்குவதாகச் சொன்னாலும், நிறத்தைக் கேட்கமாட்டேன், மோட்டாரைக் கேட்பேன். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட, சான்று பெற்ற வண்டிக்குப் பதிவும் காப்பீடும் கட்டாயமில்லை. அதற்கு மேல் என்றால் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி வேண்டும். புது வண்டிக்கு 5 ஆண்டுக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். ஆனால் அது அடுத்தவருக்கான பாதுகாப்பு. உங்கள் வண்டி எரிந்தாலும் திருடுபோனாலும் சல்லிக்காசு வராது. ஆகவே சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுங்கள்.

பேட்டரிதான் வண்டியின் உயிர், விலையில் பெரும்பங்கும் அதுவே. சாதாரண பாலிசியில் பேட்டரிக்கான இழப்பீட்டில் 50 சதவீதத்தைத் தேய்மானம், அதாவது பழசானதற்கான மதிப்புக் குறைவு, என்று கழிப்பது வழக்கம். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பில் பேட்டரி, சார்ஜர், தண்ணீர் புகுந்த சேதம் மூன்றும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகவரின் வாய்ச்சொல் போதாது. பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணை, மண்ணும் மஞ்சள்தூளும் படிந்து அழியும் முன்பே படமெடுத்து வையுங்கள்.

தோட்டக்காரர்கள் கவனிக்க: தனிப்பயன் பாலிசி சரக்கு ஏற்றுவதை ஏற்காது. தினமும் பால்கேனோ காய்கறி மூட்டையோ விற்பனைக்குக் கொண்டுபோகிறவர்கள் அதை மறைக்காமல் சொல்லி, பொருத்தமான பாலிசி எடுங்கள். மோட்டார் கொட்டகையின் இலவச விவசாய மின்சாரத்தில் சார்ஜ் போடாதீர்கள், அது விதிமீறல்.

வீட்டுக் காப்பீடான பாரத் கிருஹ ரக்ஷாவில் தனியாகக் குறிப்பிடாவிட்டால் வாகனம் சேராது. சார்ஜ் ஏறும்போது தீப்பிடித்தால் வீட்டுச் சேதத்துக்கு ஒரு பாலிசி, வண்டிக்கு வேறு பாலிசி. இரண்டு நிறுவனங்களுக்கும் அன்றே தகவல் கொடுங்கள்.