ரிசீவர் ஃபில்டர் அலைன்மென்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஹாம் எனும் அமெச்சூர் வானொலியில் ஈடுபட்டிருப்பவர்கள், பழைய டிரான்சீவர் (அனுப்பவும் பெறவும் பயன்படும் செட்) ஒன்றை வாங்கினாலும் சரி, ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் போன்ற செட்டைத் தாங்களே பூட்டி முடித்தாலும் சரி, ரிசீவ் மந்தமாகத் தோன்றியவுடன் திருப்புளியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். அலைன்மென்டில், அதாவது வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரின் காயில், டிரிம்மர்களைத் திருப்பிச் சரியான இடத்தில் நிறுத்துவதில், நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த அவசரத்திலிருந்து பிறப்பவையே. ஒருமுறை சரியாக அமைத்த ஃபில்டர், யாரும் கை வைக்காதவரை எளிதில் இடம் மாறுவதில்லை. குறை பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கும். நம் பகுதி வீடுகள் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீள்பவை என்பதால், மாடியில் கட்டிய ஆன்டெனாவிலிருந்து பின்கட்டு அறைக்கு வரும் கேபிளும் நீண்டு, நடுவில் இணைப்புகளும் கூடிவிடுகின்றன. ஐப்பசி மழை இறங்கிய ஒரு கனெக்டரோ, செட்டுக்குள் கறுத்துப்போன ரிலே முனையோ சிக்னலை விழுங்கிக்கொண்டிருக்க, குற்றமற்ற காயிலைத் திருப்புவது ஒரு குறையை இரண்டாக்கும். ஆகவே கேபிளைக் கழற்றிவிட்டு, அளவு தெரிந்த சிக்னலை நேரடியாகச் செட்டுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகே ஃபில்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

சோதனைச் சிக்னலை உருவாக்கும் சிக்னல் ஜெனரேட்டரை இணைக்கும் முன் மைக்கையும் மோர்ஸ் கீயையும் கழற்றி வைக்காதது ஆபத்தான தவறு. மைக்கில் பேச அழுத்தும் பிடிடி பொத்தான் தவறுதலாக அழுந்தினால் டிரான்ஸ்மிட்டரின் முழுச் சக்தியும் ஜெனரேட்டருக்குள் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.

எதைப் பார்த்துக்கொண்டு திருப்புகிறோம் என்பதில்தான் மிகுதியானோர் ஏமாறுகிறார்கள். சிக்னலுக்கேற்பப் பெருக்கத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ஏஜிசி இயங்கும்போது சிக்னல் கூடினாலும் குறைந்தாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். எனவே காதை நம்பி உச்சத்தைத் தேட முடியாது. சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரும் இதற்குப் போதாது, ஏனெனில் அதில் ஒரு எஸ் அலகு என்பதே 6 டெசிபெல். அரை டெசிபெல், ஒரு டெசிபெல் மாற்றங்கள் அந்த முள்ளில் தெரியாமல் போய்விடும். ஏஜிசியை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் ஏஜிசி விழித்துக்கொள்ளாத அளவுக்குச் சிக்னலைக் குறைத்து, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி மில்லிவோல்ட் காட்டும் மீட்டரை வைத்துப் படிக்க வேண்டும். அப்போது ஒரு டெசிபெல் கூடினால் 100 மில்லிவோல்ட் சுமார் 112 ஆக உயர்வது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். எஸ்-மீட்டரில் எஸ் 9 என்பது 50 ஓமில் 50 மைக்ரோவோல்ட். அலைன்மென்டுக்கு அதைவிட மிகக் குறைந்த சிக்னலே ஏற்றது. ஆன்டெனாவில் கேட்கும் ஏதோ ஒரு நிலையத்தை வைத்துத் திருப்புவதும் வீண், ஏனெனில் அது தானாகவே ஏறி இறங்கும்போது, நம் கை செய்தது எது, வானம் செய்தது எது என்று பிரித்தறிய முடியாது.

ஃபில்டரை நுணுக்கமாகத் திருத்த உதவும் டிரிம்மர் கெப்பாசிட்டர் உண்மையான உச்சத்தில் நிற்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. மேலே அரைவட்டமாக வெள்ளி பூசிய பீங்கான் டிரிம்மரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் உச்சம் இரண்டு இடங்களில் வர வேண்டும், ஏனெனில் ஒரே கொள்ளளவு அந்தச் சுற்றில் இருமுறை வருகிறது. ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது என்றால் டிரிம்மர் தன் எல்லையில் முட்டி நிற்கிறது. காயிலில் சுற்று கூடியோ குறைந்தோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு திருப்புவதில் பயனில்லை. 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃப் (செட்டுக்குள் சிக்னல் மாற்றப்படும் இடைநிலை அலைவரிசை) கொண்ட பழைய செட்டுகளில் இன்னொரு பொறியும் உண்டு. வேண்டாமலே சேர்ந்து உள்ளே வரக்கூடிய இமேஜ் அலைவரிசை, ஐஎஃப்பின் இரு மடங்கான 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளியே இருப்பதால், 14.2 மெகாஹெர்ட்ஸில் டியூன் செய்திருக்கும் செட்டின் முகப்பு ஃபில்டர் 15.11-இல் உச்சம் கண்டு நின்றுவிடக்கூடும். அப்படி நின்றால் பேண்டில் பேசும் நண்பர்கள் மெலிந்து, அங்கே ஒலிபரப்பும் நிலையங்கள் உரக்கக் கேட்கும்.

ஒரே அலைவரிசையில் உச்சம் பிடித்துவிட்டு மூடியைப் பூட்டுவதும் பரவலான வழக்கம். நமக்கு உரிய 40 மீட்டர் பேண்ட் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேல் 7.45 வரை ஒலிபரப்பு நிலையங்கள் மாலையில் பலமாக ஒலிக்கும். ஃபில்டர் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் அவை உள்ளே வந்து அலைவரிசையை மாற்றும் மிக்சரைத் திணறடிக்கும். ஆகவே 7.0, 7.1, 7.2 மூன்றிலும் அளந்து, மூன்று அளவுகளும் நெருங்கியிருக்குமாறு சமப்படுத்த வேண்டும். இரண்டு காயில்கள் கொண்ட ஃபில்டரில் இரண்டையும் நடுவில் மட்டுமே கூர்மையாக நிறுத்தினால் ஓரங்கள் மடங்கிவிடும். ஃபில்டரின் வளைவைத் திரையில் வரைந்து காட்டும் நானோவிஎன்ஏ எனும் அளவுக் கருவி கையிலிருந்தால் முழு வளைவையும் பார்க்கலாம்; ஆனால் ஃபில்டர் தன் வடிவமைப்பில் எதிர்பார்க்கும் ஓம் அளவு (இம்பிடன்ஸ்) இரு முனைகளிலும் இல்லாமல் போனால் அந்த வளைவு பொய் சொல்லும்.

உலோகத் திருப்புளியைக் கொண்டு ஐஎஃப் கேனின் (உலோக உறைக்குள் இருக்கும் ஐஎஃப் காயிலின்) கோரைத் திருப்புவது இரண்டு வகையில் கெடுதல். உலோகம் அருகே வரும்போதே காயிலின் தன்மை மாறிவிடுவதால் திருப்புளியை எடுத்ததும் உச்சம் நழுவுகிறது. அறுகோணத் துளையுள்ள ஃபெரைட் கோர், மெழுகு இறுகியிருக்கும் நிலையில் பலமாகத் திருகினால் 'டிக்' என்று விரிசல் விட்டு அதன் பிறகு எந்தப் பக்கமும் அசையாது. பொருத்தமான பிளாஸ்டிக் கருவியைப் பயன்படுத்தி, ஹேர் டிரையரால் மெழுகை இளக்கி, தொடும் முன் பழைய இடத்தை மார்க்கரால் குறித்து ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

சித்திரை வெயிலில் மாடி அறையில் திருத்திய செட், கல் தரை குளிர்ந்த பட்டாலையில் இரவு சற்று வேறுவிதமாக நடந்துகொள்ளும். செட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, அது வழக்கமாக இயங்கும் அறையிலேயே அலைன்மென்ட் செய்ய வேண்டும். ஷீல்டு மூடியைப் போட்ட பிறகு மேலே சொன்ன மூன்று அலைவரிசைகளிலும் மறுபடி அளக்காமல் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் மூடியே ஃபில்டரை நகர்த்திவிடும். அந்த நகர்வைக் கணக்கில் கொண்டு, மூடியிலுள்ள துளை வழியாகவே கடைசித் திருத்தத்தைச் செய்து, கோரின் மேல் ஒரு துளி மெழுகு விட்டால் போதும்.