பில் இல்லாத சிலையும் கூலி இல்லாத பையனும்

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகச் சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலைக்குச் சொல்லப் போகிறவர்கள், "பில் எதுக்கு மாப்ள, நம்ம ஸ்தபதிதான்" என்று கூடவே கிளம்பும் சித்தப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அவர் மிச்சம் பிடித்துத் தரும் வரிப்பணம் விமான நிலையத்தில் சிலையோடு சேர்ந்து நின்றுவிடும்.

1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலை தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. போன மாதம் வார்த்ததற்குத் தடையில்லை. ஆனால் போன மாதம் வார்த்ததுதான் என்று காட்ட வேண்டியவர் நீங்கள். அதற்காகத்தான் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ். இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்க வேண்டும். நாற்புறமும் எடுத்த படம், உயரம், எடை, பில், அடையாள அட்டை தயாராக இருக்கட்டும். சிலையையே தூக்கி வரச் சொல்வதும் உண்டு. பதினெட்டு கிலோவை மாடிப்படி ஏற்ற ஆள் வேண்டும். சனி, ஞாயிறு, பண்டிகை எல்லாம் கழித்து நாள் கணக்குப் போடுங்கள். பழசு போலப் பச்சை பிடிக்க வைத்த பாலிஷ் வேண்டவே வேண்டாம். சந்தேகத்தை நீங்களே காசு கொடுத்துப் பூசுகிறீர்கள். முதலில் பிடிக்கும் மெழுகு உரு, அதன்மேல் பூசிய மண் அச்சு, மெழுகை உருக்கி வடித்த இடத்தில் வார்த்த கையோடு சீவாத உலோகம் என ஒவ்வொரு கட்டத்திலும் தேதியோடு படம் கேளுங்கள். அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தேன்மெழுகும் குங்கிலியப் பிசினும் எண்ணெயும் சேர்த்துப் பிடித்த உருவை மண் பூசுமுன் எடை போடச் சொல்லுங்கள். அதுபோல ஏறக்குறைய ஒன்பது மடங்கு உலோகம். இரண்டு கிலோ மெழுகு என்றால் உங்கள் 23 கிலோ பெட்டியில் வேட்டிக்கு மட்டும்தான் இடம். வண்டல் மண் பூச்சு நிழலில் காய வேண்டும். ஈரம் மிஞ்சினால் ஊற்றும்போது உலோகம் கொப்பளித்துச் சிலையில் ஓட்டை விழும். உங்கள் டிக்கெட் தேதியைச் சொல்லி அவசரப்படுத்தினால் நடப்பது இதுதான்.

"பசங்க யாரும் இந்தத் தொழிலைக் கத்துக்கறதில்லையே" என்று அங்கலாய்ப்பது ஊரை விட்டுப் போன நமக்குச் சுலபம். அரம் பிடித்து ராவிக்கொண்டே இருக்கும் பையனுக்கு எப்போது மெழுகு கைக்கு வரும், அதுவரை வீட்டு அரிசிக்கு யார் பொறுப்பு? பீடத்துத் தாமரை இதழையும் சிலையைச் சுற்றி நிற்கும் திருவாசி வளைவின் சுடரையும் அவனே பிடிக்கட்டும் என்று ஸ்தபதியிடம் கேளுங்கள். நேரம் கூடுதலாகும், அந்தக் கூலியை விலையில் பேரம் பேசாமல் பில்லில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். பயிற்சிக்கென்று சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ கொடுப்பதானால் விஷயம் வேறு: வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர் கொடுப்பது, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்கப் பதிவு பெற்ற அமைப்பா என்று முதலில் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் இருப்பவர் சொந்தச் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை.