ஒரு சொல்லை மாற்ற ஒன்பது இடம்: என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் சாப்ட்வேரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எங்களுக்குத் தமிழ்நாட்டின் கும்மிடிப்பூண்டியில் ஒரு யூனிட், எல்லை தாண்டி ஆந்திராவின் தடாவில் ஒரு யூனிட். ரயிலில் போனால் எளாவூர், ஆரம்பாக்கம், அடுத்தது தடா. அவ்வளவு பக்கம். ஆனால் இந்தப் பக்கத்து ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கும், அந்தப் பக்கத்து எண் 37-இல் தொடங்கும். எங்கள் சரக்கை எங்களுடைய இன்னொரு யூனிட்டுக்கே அனுப்பினாலும் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஜிஎஸ்டி) போட்டு இன்வாய்ஸ் அடிக்க வேண்டும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணு அனுமதிச் சீட்டான இ-வே பில்லும் வேண்டும்.

2022 ஏப்ரலில் ஆந்திராவில் புது மாவட்டங்கள் வந்தபோது, நெல்லூர் மாவட்டத்தில் இருந்த தடா திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. முகவரியில் ஒரு சொல் மாற வேண்டும். “எந்தெந்த சாப்ட்வேர்ல மாத்தணும், லிஸ்ட் குடுங்க” என்று மேனேஜர் கேட்டார். ஐடி பொறுப்பு என்னுடையது. இஆர்பி (கொள்முதல், ஸ்டாக், விற்பனை எல்லாவற்றையும் சேர்த்து நடத்தும் சாப்ட்வேர்), டாலி என்ற கணக்கு சாப்ட்வேர், சம்பள சாப்ட்வேர் என்று மூன்றைச் சொன்னேன். தேடிப் பார்த்ததில் ஒன்பது இடம் இருந்தது.

இந்த மாதிரிக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வைப்பதுதான் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் சாப்ட்வேரின் வேலை. நிறுவனத்தில் என்னென்ன வேலைகள் நடக்கின்றன, எந்த வேலை எந்த சாப்ட்வேரில் நடக்கிறது, அது எந்த சர்வரில் ஓடுகிறது, எதோடு இணைந்திருக்கிறது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் பதிந்து, ஒன்றைத் தொட்டால் வேறு எதெல்லாம் அசையும் என்று காட்டும். இந்தத் துறைக்கு வயதும் உண்டு. 1987-இல் ஐபிஎம்மின் ஆய்விதழில் ஜான் சாக்மன் எழுதிய கட்டுரையைத் தொடக்கமாகச் சொல்வார்கள். 1995-இல், இந்த வேலையைப் படிப்படியாகச் செய்வது எப்படி என்று சொல்லும் டோகாஃப் வழிமுறை வந்தது. மாநிலம் பிரிந்த பிறகு ஆந்திர அரசு ‘இ-பிரகதி’ என்ற பெயரில் அரசுத் துறைகள் அனைத்துக்கும் சேர்த்தே இப்படி ஒரு கட்டமைப்பைத் திட்டமிட்டது. அதனால் இது பெரிய பெரிய வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மட்டுமான சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். முப்பது சாப்ட்வேர் ஓடும் எந்த இடத்துக்கும் இது தேவைப்படும்.

படி 1: கேள்வியை எழுதி வையுங்கள்

சாப்ட்வேர் விற்பவர்களைக் கூப்பிடும் முன் மூன்றே மூன்று கேள்விகளைத் தாளில் எழுதுங்கள். “எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும்” என்பது கேள்வி ஆகாது. எங்கள் கேள்விகள் இவை: தடா முகவரி எங்கெல்லாம் இருக்கிறது? அடுத்த இரண்டு வருடத்தில் எந்தெந்த சாப்ட்வேருக்குத் தயாரிப்பாளரின் ஆதரவு முடிகிறது? இந்த சர்வர் நின்றால் எந்த வேலை நிற்கும்?

இரண்டாவது கேள்வி ஏன் என்றால், விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. தரவைச் சேமித்து வைக்கும் மைக்ரோசாப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் 2016-க்கு 2026 ஜூலை 14 கடைசி. இந்தத் தேதிகள் நமக்காகக் காத்திருப்பதில்லை.

படி 2: நடந்து போய்ப் பட்டியல் எடுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஆபீஸில் உட்கார்ந்து எல்லாத் துறைக்கும் மெயில் அனுப்பினால், அவரவர் நினைவுக்கு வருவதைத்தான் எழுதி அனுப்புவார்கள். தினமும் கையில் இருப்பது யாருக்கும் ‘சாப்ட்வேர்’ என்று தோன்றாது.

எங்கள் ஒன்பதாவது இடம் கிடைத்தது தடா யூனிட்டின் எடைமேடை கேபினில். மேஜைக்கு அடியில், சிமெண்ட் தூசி படாமல் இருக்க பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர். லாரி ஏறியதும் எடை அதில் விழும். அதிலிருந்து ஒரு எக்செல் கோப்புக்குப் போகும். அந்தக் கோப்பை டிஸ்பாட்ச்காரர் திறந்து இன்வாய்ஸுக்கு எடுத்துக்கொள்வார். ஸ்லிப்பின் தலைப்பில் பழைய மாவட்டப் பெயர் அச்சாகி வந்துகொண்டே இருந்தது. கேபினில் இருந்த தம்பி பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகச் சொன்னார்: “சார், இது நின்னா வண்டி கேட்டைத் தாண்டாது. இன்வாய்ஸ் இல்லாம இ-வே பில் எங்க போடுறது?”

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் ஐடி பட்டியல் எதிலும் இல்லை. எடைமேடையை நிறுவியவர்கள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. அது இல்லாமல் ஒரு லாரிகூட வெளியே போக முடியாது என்ற நிலையில், அதற்கு ஒரு பேக்கப்கூட இல்லை. அன்றைக்கு நான் பதறிப்போனேன் என்பதே உண்மை.

அதனால் கேட்டில் தொடங்குங்கள். கேட், எடைமேடை, ஸ்டோர்ஸ், உற்பத்தி, தரச் சோதனை, டிஸ்பாட்ச், கணக்கு என்று சரக்கு போகும் வழியிலேயே நடந்து போங்கள். ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “இந்தத் தகவல் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது, அப்புறம் எங்கே போகிறது?”

படி 3: எட்டே கட்டங்கள்

முதல் சுற்றுக்கு எக்செல் போதும். பெயர், எந்த வேலைக்கு, எந்த யூனிட்டில், எந்தக் கம்ப்யூட்டரில் அல்லது சர்வரில், பராமரிப்பு ஒப்பந்தம் யாரோடு எதுவரை, ஆதரவு முடியும் தேதி, எதோடு இணைப்பு, பொறுப்பாளர் யார். அவ்வளவுதான்.

கடைசி இரண்டு கட்டங்கள்தான் உயிர். இணைப்பை எழுதும்போது திசையையும், போகும் தகவலையும் சேர்த்து எழுதுங்கள். ‘எடைமேடையிலிருந்து டிஸ்பாட்சுக்கு, நிகர எடை, எக்செல் வழியாகக் கையால்’ என்று இருக்க வேண்டும். பொறுப்பாளர் கட்டத்தில் ‘ஐடி துறை’ என்று எழுதாதீர்கள். ஒரு ஆளின் பெயர் வேண்டும், அதுவும் அந்த சாப்ட்வேரைப் பயன்படுத்தும் துறையிலிருந்து. எல்லா வரியிலும் என் பெயரே இருந்தால், நான் லீவில் போகும் நாளிலேயே பட்டியல் பழசாகத் தொடங்கிவிடும்.

படி 4: காசு செலவழிக்காமல் ஒரு தடவை வரைந்து பாருங்கள்

ஆர்க்கி என்ற இலவச, திறந்த மூல சாப்ட்வேர் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆர்க்கிமேட் என்ற குறியீட்டு மொழியில் வரையும். அந்த மொழியை டோகாஃப்பை நடத்தும் ‘தி ஓப்பன் குரூப்’ அமைப்புதான் பராமரிக்கிறது. சிஎஸ்வி கோப்பாக (எக்செல்லிலிருந்து சேமிக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பு) உள்ளே ஏற்றவும் வெளியே எடுக்கவும் முடியும். உங்கள் எக்செல் பட்டியலிலிருந்து இருபது வரியை ஏற்றி, கேட் முதல் இ-வே பில் வரை ஒரே ஒரு படம் வரையுங்கள். மொழி முழுவதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வேலை, அப்ளிகேஷன், சர்வர், அவற்றுக்கு இடையில் அம்பு, இந்த நான்கு போதும். வரையும்போதே உங்கள் பட்டியலில் எந்த இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

படி 5: வாங்கும் நேரம்

சந்தையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஸ்பார்க்ஸ் நிறுவனத்தின் ‘என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட்’ போன்றவை படம் வரைவதை மையமாகக் கொண்டவை. கையில் பயிற்சி பெற்ற ஆள் இருந்தால் மிக ஆழமாகப் போகலாம். லீன்ஐஎக்ஸ் (2023-இல் எஸ்ஏபி வாங்கியது), ஆர்டாக் போன்றவை பதிவேட்டை மையமாகக் கொண்டவை. பிரௌசரில் படிவம் நிரப்பினால் போதும், படத்தை அதுவே உருவாக்கும். பல துறை ஆட்கள் தாங்களே வந்து திருத்த வேண்டும் என்றால் இரண்டாவது வகைதான் சரி என்பது என் அபிப்பிராயம்.

டெமோ நாளில் விற்பவர்களின் மாதிரித் தரவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதில் எல்லாக் கட்டமும் நிரம்பி, எல்லா நிறமும் அழகாக இருக்கும். உங்கள் இருபது வரியைக் கொடுங்கள், காலிக் கட்டங்களோடு அப்படியே. படி 1-இல் எழுதிய மூன்று கேள்விகளை வையுங்கள். மவுஸை ஐடி ஆளிடம் தராமல் ஸ்டோர்ஸ் ஆபீசரிடம் தாருங்கள். அவர் தன் வரியைக் கண்டுபிடித்துத் திருத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

விலையை ஒருவர் பயனர் எண்ணிக்கைக்குச் சொல்வார், இன்னொருவர் பதியும் அப்ளிகேஷன் எண்ணிக்கைக்குச் சொல்வார். மூன்று வருடத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் தரவை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஆர்க்கிமேட் மாதிரிகளுக்கென்று பொதுவான பரிமாற்றக் கோப்பு வடிவம் ஒன்று உண்டு, அதைத் தர முடியுமா என்று கேளுங்கள். நம் சர்வர்களின் முழுப் பட்டியலும் அங்கே இருக்கப்போவதால், தரவு எந்த நாட்டில் வைக்கப்படும் என்பதையும் கேட்டுவிடுங்கள். பாஸ்வேர்ட் எதையும் அதில் பதியக் கூடாது.

படி 6: பழக்கத்துக்குக் கொண்டுவருவது

ஒரு யூனிட், ஒரு சரக்கு வழி, மூன்று மாதம். அதற்கு மேல் முதலில் ஆசைப்பட வேண்டாம்.

எங்களுக்கு உண்மையில் உதவியது பயிற்சி வகுப்பு இல்லை. பர்ச்சேஸில் போட்ட ஒரே ஒரு விதி. சாப்ட்வேர் வாங்கவோ புதுப்பிக்கவோ ஆர்டர் போட வேண்டும் என்றால், பதிவேட்டில் அந்த சாப்ட்வேருக்கு உள்ள வரியின் எண் வேண்டும். எண் இல்லாத கோப்பு திரும்பி வந்துவிடும். இரண்டு புதுப்பித்தல்கள் அப்படித் திரும்பிய பிறகு, துறை ஆட்கள் தாங்களாகவே வந்து வரி சேர்த்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் அவருடைய வரிகள் மட்டும் போகும். “சரி” என்றோ “மாறியிருக்கிறது” என்றோ பதில் சொன்னால் போதும்.

படி 7: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

பதிவேடு ஓரளவு நிரம்பியதும் ஒவ்வொரு சாப்ட்வேருக்கும் ஒரு முடிவு எழுதுங்கள்: இப்படியே ஓடட்டும், இன்னும் முதலீடு செய்யலாம், வேறொன்றுக்கு மாற்றலாம், நிறுத்திவிடலாம். கார்ட்னர் என்ற தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் பரப்பிய நான்கு பிரிவு இது. எடைமேடைக் கம்ப்யூட்டர் எங்களுக்கு மூன்றாவது பிரிவில் வந்தது. இப்போது எடை நேராக இஆர்பிக்குப் போகிறது, ஸ்லிப்பில் திருப்பதி மாவட்டம் என்று அச்சாகிறது. அந்த வரிக்குப் பொறுப்பாளர் கேபினில் இருக்கும் அந்தத் தம்பிதான்.

நிறுத்திய சாப்ட்வேரின் வரியைப் பதிவேட்டிலிருந்து அழித்துவிடாதீர்கள். நிறுத்திய தேதியையும், பழைய தரவு எங்கே இருக்கிறது என்பதையும் போட்டு வையுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய எடைமேடைக் கோப்புகள் எங்கள் கும்மிடிப்பூண்டி சர்வரில் தனி ஃபோல்டரில் இருக்கின்றன, எந்தத் தேதிக்குப் பிறகு அழிக்கலாம் என்பதும் அந்த வரியிலேயே எழுதியிருக்கிறது.