கண்ணாடி மங்கியதால் தவறவிட்ட நீர்மூழ்கி

பகாமாசில் காஸ்ட்அவே கே தீவின் ஸ்நார்கெல் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி நீந்தும்) பகுதியில், பழைய டிஸ்னி சவாரியிலிருந்து கொண்டுவந்து மூழ்கடித்த நீர்மூழ்கி கிடக்கிறது, மிக்கி சிலையும் உண்டு. எங்கள் கப்பல் அங்கே இரண்டு முறை நின்றது. முதல் தடவை எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைப் புகைதான். புது மாஸ்க், இரண்டே நிமிடத்தில் மங்கிவிடும். எச்சில் தடவினேன், கடல்நீரில் அலசினேன், பட்டையை இறுக்கினேன் (அப்புறம் நெற்றியில் தழும்புதான் மிச்சம்).

புதுக் கண்ணாடியின் உட்புறம் தொழிற்சாலையிலிருந்தே மெல்லிய சிலிக்கோன் படலம் ஒட்டியிருக்குமாம், அதன்மேல் எச்சில் நிற்காமல் முத்து முத்தாகத் திரளும். அன்றிரவு அறையில் வெள்ளைப் பற்பசையை, ஜெல் இல்லை, உள்ளே விரலால் நாலைந்து முறை தேய்த்துக் கழுவினேன், ரப்பர் சேரும் ஓரம் வரைக்கும். மறுமுறை காய்ந்த கண்ணாடியில் எச்சில் தடவி, லேசாக அலசி, உடனே மாட்டினேன். இடையில் நெற்றிக்கு ஏற்றவில்லை, ஏற்றினால் வியர்வைச் சூட்டில் மறுபடி மங்கும்.

நீர்மூழ்கி தெரிந்தது, துருவோடு.