பழைய காரில் கோல்ட் ஏர் இன்டேக்: மாட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள்

வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எஞ்சினுக்குக் கொண்டுபோக மாட்டும் பைப்பும் ஃபில்டரும்தான் கோல்ட் ஏர் இன்டேக். பெட்டியில் 'கோல்ட் ஏர்' என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். மாட்டி முடித்த பிறகு பானெட்டைத் திறந்து பார்த்தால் ரேடியேட்டருக்குப் பின்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில், காளான் மாதிரி ஒரு ஃபில்டர் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் கக்கிய சூட்டையே அது திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். கேஎல்லில் (கோலாலம்பூர்) புரோட்டான் வீரா, வாஜா, சத்ரியா, பழைய சிவிக் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

கணக்கு ரொம்ப எளிது. காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். மதியம் வெளியே 33 டிகிரி, ஃபெடரல் ஹைவே ஜாமில் ஏர்கானும் போட்டு நிற்கும்போது பானெட்டுக்குக் கீழே 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒரே அளவு இடத்தில் அடங்கும் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சூடான காற்று வந்தால் நாக்கிங் (பெட்ரோல் தப்பான நேரத்தில் எரிந்து எஞ்சின் தட்டுவது) வரக்கூடாது என்று எஞ்சினின் கணினியான ஈசியூ ஸ்பார்க் டைமிங்கையும் பின்னுக்கு இழுக்கும், அதில் இன்னும் கொஞ்சம் போகும். காசு கொடுத்து பவரைக் குறைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை, உங்கள் காரின் ஒரிஜினல் ஏர் பாக்ஸே பெரும்பாலும் குளிர்ந்த காற்றைத்தான் எடுக்கிறது. அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து போகும் மூக்குக் குழாய் எங்கே முடிகிறது என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பல கார்களில் அது ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ ஃபென்டருக்கு உள்ளேயோ ரேடியேட்டருக்கு முன்னாலோ போய் முடியும், அதாவது வெளிக்காற்று படும் இடம். பழைய காரில் அந்த மூக்குக் குழாய் எப்போதோ ஒரு பட்டறையில் கழற்றப்பட்டுத் திரும்ப மாட்டப்படாமலே போயிருக்கும், அதைத் தேடிப் பிடித்து மாட்டினாலே பாதி வேலை முடிந்தது. செலவு, பழைய கார்களின் பாகம் விற்கும் ஹாஃப்-கட் கடையில் கேட்கிற சில்லறைதான்.

உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓபிடி (எஞ்சின் தகவலைப் படிக்கும் சாக்கெட்) இருக்கிற காராக இருந்தால் மலிவான புளூடூத் டாங்கிள் ஒன்றைச் சொருகி இன்டேக் டெம்பரேச்சரை போனிலேயே பார்க்கலாம். வீரா மாதிரி அதெல்லாம் இல்லாத காருக்கு மீன் தொட்டிக்கு விற்கும் வயர் வைத்த தெர்மாமீட்டர் போதும், அதன் முனையை ஃபில்டர் வாய் அருகே டேப் போட்டு ஒட்டி வயரை ஜன்னல் வழியாக உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது வெளி வெப்பத்தைவிட நாலைந்து டிகிரிதான் கூட என்றால் நல்ல இடம். நின்று கிளம்பி ஓட ஆரம்பித்து ரொம்ப நேரமாகியும் இறங்கவில்லை என்றால் ஃபில்டரைச் சுற்றித் தடுப்பு கட்ட வேண்டும், அந்தத் தடுப்பும் பானெட்டின் அடியில் ரப்பரோடு ஒட்டி மூட வேண்டும், மேலே திறந்து கிடக்கும் தகரத் தகடு வெறும் அலங்காரம்.

சரி, இடம் கிடைத்துவிட்டது என்று வைப்போம். அடுத்தது சென்சார். முதல் தலைமுறை வியோஸ், பழைய சென்ட்ரா போன்ற கார்களில் ஏர் பாக்ஸைத் தாண்டியவுடனே காற்றின் அளவை அளக்கும் மாஃப் சென்சார் இருக்கும். சிவிக் ஈஜி, ஈகே போன்றவற்றில் அது கிடையாது, மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார்தான். மாஃப் இருக்கும் காரில் பைப்பின் குறுக்களவு மாறினாலே கணக்கு தப்பும், ஏனென்றால் அந்தச் சென்சார் தன் மேல் படும் காற்றை வைத்து மொத்தத்தையும் ஊகிக்கிறது, ஊகத்துக்கு அடிப்படை அந்த ஒரிஜினல் குழாயின் அளவு. வளைவுக்கு நேர் பின்னால் வைத்தாலும் காற்று சுழன்று அளவு ஆடும், ஐடிலில் (ஆக்சிலேட்டரை அழுத்தாமல் நிற்கும்போது) ஆர்பிஎம் ஏறி இறங்கும். 'எல்லா காருக்கும் பொருந்தும்' என்று போட்ட கிட்டை மாஃப் காருக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

மேப் காரில் இந்தத் தலைவலி குறைவு. ஆனால் காற்றின் வெப்பத்தைப் பார்க்கும் சின்ன சென்சார், பெரும்பாலும் இரண்டு வயர் வைத்தது, பழைய பெட்டியிலோ குழாயிலோ இருந்தால் புதுப் பைப்பில் அதற்கு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றதும் அதைக் கேபிள் டையில் கட்டித் தொங்க விடுகிறார்கள். அது எஞ்சின் சூட்டை அளந்து 'காற்று ரொம்பச் சூடு, அடர்த்தி குறைவு' என்று ஈசியூவிடம் சொல்லும், ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும், மிக்ஸ்சர் லீன் ஆகும், அதாவது காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் இருக்காது. செக் எஞ்சின் விளக்கு கூட எரியாது, அதனால் யாருக்கும் சந்தேகமே வராது.

இனி பழைய கார்களுக்கே உரிய விஷயம், சின்ன ஹோஸ்கள். ஒரிஜினல் குழாயைக் கழற்றும்போது அதில் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று சின்ன ரப்பர் குழாய்கள் வரும். ஒன்று வால்வ் கவரிலிருந்து வரும் ப்ரீதர், சில கார்களில் இன்னொன்று ஐடில் வால்வுக்குப் போகும். இருபது வருடம் வெந்த ரப்பர் அது, இழுத்தால் பிஸ்கட்டாக உடையும், அது மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் முனையும் கூடவே போகும். திருகி, மெதுவாக, கொஞ்சம் சூடு காட்டித்தான் எடுக்க வேண்டும், வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே அதே அளவு புது ஹோஸ் ஒரு மீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

புதுப் பைப்பில் இவற்றுக்கு இடமில்லை என்றால் சிலர் ப்ரீதரை ஒரு போல்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். இது மோசமான வேலை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் காற்று எங்கேயாவது வெளியேறியாக வேண்டும், வழியை அடைத்தால் வால்வ் கவர் கேஸ்கெட், கிராங்க் சீல் என்று பலவீனமான இடத்தில் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும். பழைய எஞ்சினில் இந்தக் காற்று கூடுதலாகவே இருக்கும். ப்ரீதர் முனையில் குட்டி ஃபில்டர் மாட்டிவிடுவது அடைப்பதைவிடப் பரவாயில்லை, ஆனால் எண்ணெய் நாற்றம் ஏர்கான் வழியாக உள்ளே வரும், அப்புறம் மாஃப் காரில் புதுப் பைப்பில் ஹோஸுக்கென்று வாய் இருந்து அதை மூடாமல் விட்டால் அளக்கப்படாத காற்று உள்ளே போகும். முறையான வழி ஒன்றே ஒன்று: பைப்பில் முனை வைத்து ஹோஸைத் திரும்ப மாட்டுவது.

எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கையும் யாரும் பார்ப்பதில்லை. ஆட்டோ கியர் காரில் பிரேக்கை அழுத்திக்கொண்டு டி போட்டால் எஞ்சின் தூக்கிப் போடுகிறதா? அப்படியானால் முதலில் மவுண்டிங், பிறகுதான் இன்டேக். எஞ்சின் ஆடும், பைப்பின் மறு முனை பாடியில் இறுக்கமாகப் போல்ட் போட்டிருக்கும், இரண்டுக்கும் நடுவில் இணைப்பாக இருக்கும் கப்ளர்தான் பாவம். ஒரு நாள் பைப் பிடுங்கிக்கொள்ளும். மாஃப் காராக இருந்தால் அந்த நொடியே எஞ்சின் நிற்கும், அது பினாங்கு பாலத்தின் நடுவில் நிற்பதாகவும் இருக்கலாம். நடுவில் மடிப்பு வைத்த சிலிகான் கப்ளர் போடுங்கள், பைப்பைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு ரப்பர் புஷ் போடுங்கள், ஒரு வாரம் ஓட்டிய பிறகு கிளாம்புகளை மறுபடி இறுக்குங்கள்.

மலிவான பைப்பின் உள்ளே வெட்டிய உலோகத் தூளும் பிசிறும் இருக்கும். கழுவித் துடைக்காமல் மாட்டினால் அது நேராக சிலிண்டருக்குப் போகிறது. வேலை நடக்கும்போது த்ராட்டில் வாயை அடைக்கத் துணி வைப்பது நல்ல பழக்கம், அதை எடுக்க மறப்பதுதான் பிரச்சினை. பெரிய துணியாக, வெளியே தொங்குகிற மாதிரி வையுங்கள்.

இப்போது தண்ணீர். ஃபில்டரை பம்பருக்குக் கீழே, சக்கரத்துக்கு முன்னால் இறக்கி வைக்கும் நீளமான வகைதான் உண்மையில் குளிர்ந்த காற்று எடுக்கும் வகை. வறண்ட ஊருக்கு அருமையானது. நம் ஊரில் சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், சாலை ஆறாகிவிடும். 2007-இல் வெள்ள நீரைத் திருப்பிவிடும் ஸ்மார்ட் சுரங்கம் திறந்த பிறகும் கேஎல்லில் திடீர் வெள்ளம் நின்றபாடில்லை, ஜார்ஜ் டவுனில் ஜாலான் பி. ரம்லி பக்கம் இருப்பவர்களைக் கேட்டால் தனிக் கதையே சொல்வார்கள்.

எவ்வளவு தண்ணீர் போனால் எஞ்சின் போகும் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டருக்கு 375 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 9.5 என்று வைத்தால் பிஸ்டன் மேலே போய் நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 44 மில்லி, மூன்று மேசைக்கரண்டி. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் ஏற முடியாது, தண்ணீரை அமுக்கவும் முடியாது, கானெக்டிங் ராட் வளையும். தண்ணீரில் போய் எஞ்சின் தானாக நின்றால் சாவியைத் திருப்பவே கூடாது. கார் இழுக்கப்பட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். ஃபில்டர் மூழ்கும்போது மேலிருந்து காற்று எடுக்கும் பைபாஸ் வால்வு விற்கிறார்கள், அதையும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்தால்தான் பயன். என்னைக் கேட்டால் தினமும் ஓட்டும் காருக்கு ஃபில்டர் ஹெட்லைட் உயரத்துக்குக் கீழே போகவே வேண்டாம். இன்னொன்று, சாதாரண காம்பிரிஹென்சிவ் இன்சூரன்ஸில் வெள்ளச் சேதம் வராது, 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

ஃபில்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய் தடவும் காட்டன் வகையைக் கழுவினால் நிழலில் தானாகக் காயட்டும், ஏர் கம்ப்ரஸரில் ஊதினால் பஞ்சு கிழியும். எண்ணெயைக் கொட்டிக் குளிப்பாட்டினால் அது மாஃப் சென்சாரின் மெல்லிய கம்பியில் போய்ப் படியும், அதைத் துடைக்க மாஃபுக்கென்று விற்கும் ஸ்ப்ரே மட்டும்தான். 30, 40 ரிங்கிட் காளான் ஃபில்டரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால் தூசியும் அந்த வழியில்தான் போகும்.

இஸ்வாரா, காஞ்சில் போன்ற கார்புரேட்டர் கார்களில் காற்றுத் தடையைக் குறைத்தால் மிக்ஸ்சரைச் சரி செய்ய ஈசியூ கிடையாது. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றத் தெரிந்த பழைய போர்மேன் (மெக்கானிக்) ஒருவர் வேண்டும், பெட்ரோல் போதாமல் பிளக் வெளுத்து வந்தால் அவரிடம் போங்கள்.

மாட்டியதும் உறுமல் கேட்கும். ஒரிஜினல் பைப்பில் ஒட்டியிருந்த, சத்தத்தை அடக்கும் ரெசனேட்டர் டப்பா போய்விட்டது, அதனால் வரும் சத்தம் அது. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கொஞ்சம் குறைந்திருக்கவும் கூடும். சத்தத்துக்காகப் போடுகிறேன் என்றால் தாராளமாகப் போடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இழுவைக்காக என்றால் அதே காசில் பிளக், த்ராட்டில் கிளீனிங், புதுக் காகித ஃபில்டர் மூன்றையும் முதலில் முடித்துவிடுங்கள்.

கழற்றிய ஏர் பாக்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். எஞ்சின் மாற்றங்கள் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கண்ணில் படும் விஷயம், காரை விற்றுப் பெயர் மாற்ற பி5 சோதனைக்குக் கொண்டுபோகும்போது பானெட்டைத் திறந்தாக வேண்டும். அந்த நேரத்தில் வாஜா பாக்ஸைத் தேடி கெப்போங், செகாம்புட் என்று அலைந்தால் கிளிப் உடைந்ததுதான் கிடைக்கும். போல்ட், ரப்பர் புஷ், கிளிப் எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் போட்டு அந்தப் பாக்ஸுக்குள்ளேயே வைத்து மூடிவிடுங்கள்.