சபா வாசலில் வித்வானைச் சந்தித்தால்

மார்கழி பிறந்துவிட்டால், புகழ்பெற்ற சங்கீத வித்வான்களைப் பார்ப்பதற்குச் சென்னையில் தனியாக முயற்சி எடுக்க வேண்டியதில்லை. டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் தேதி வரை மியூசிக் அகாடமியில் விழா நடக்கும், அதே டி.டி.கே. சாலையில் நாரத கான சபா, தி.நகரில் கிருஷ்ண கான சபா, மயிலாப்பூரில் இன்னும் சில சபாக்கள் என்று ஊரே கச்சேரி மயமாக இருக்கும். மாலையில் மேடையில் பாடப்போகிறவர் காலை விரிவுரையின்போது உங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளி அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். மதியம் கேன்டீனில் கையில் டோக்கனோடு நிற்பார். சினிமா நட்சத்திரத்துக்கும் ரசிகருக்கும் நடுவே இருக்கும் காவலர், கயிறு, கறுப்புக் கண்ணாடி எதுவும் இங்கே கிடையாது. இந்த நெருக்கம் இந்த உலகத்தின் பெரிய அழகு. எந்தக் கட்டுப்பாட்டையும் சபா விதிக்காததால், அதை ரசிகரே தமக்கு விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எப்படி நடந்துகொள்வது என்பதற்கான விடையில் முக்கால் பங்கு ஒரே கேள்வியில் அடங்கியிருக்கிறது. நீங்கள் பார்க்கும் இசைக்கலைஞர் இப்போது கச்சேரிக்கு முன்னால் இருக்கிறாரா, முடித்துவிட்டு வருகிறாரா, அல்லது கச்சேரிக்குச் சம்பந்தமில்லாத தம் சொந்த நேரத்தில் இருக்கிறாரா என்பதை முதலில் கணித்துக்கொள்ளுங்கள். மற்றவை பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும்.

கச்சேரிக்கு முன்னால் என்றால் பேசாமல் இருப்பதே சரி. மேடைக்குப் பின்புறம் உள்ள அறையின் கதவு திறந்துதான் கிடக்கும், யாரும் தடுக்கவும் மாட்டார்கள். ஆனால் உள்ளே நடப்பது வேலை. பாடகர் பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி மெல்லக் குடித்துக்கொண்டு, தம்புராவின் சுருதியோடு குரலைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார். மிருதங்க வித்வான் ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலில் ஒட்டி, வலந்தலை எனப்படும் வலப்பக்கத்தின் விளிம்பைக் கல்லாலும் கட்டையாலும் தட்டித் தட்டிச் சுருதி கூட்டிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் உள்ளே நுழைந்து, ரவை ஒட்டிய அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, "சார், உங்க திருச்சி கச்சேரிக்கு வந்திருந்தேன்" என்று தொடங்குகிறவர்கள் எல்லா சீசனிலும் இருக்கிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் கவனம் சிதறிப்போக, மறுபடியும் முதலிலிருந்து சுருதி பார்க்க வேண்டியிருக்கும். தற்செயலாக எதிர்ப்பட்டுவிட்டால், நின்ற இடத்திலேயே கைகூப்பிவிட்டு வழிவிட்டு ஒதுங்குங்கள். விரும்பிய பாட்டைக் கேட்பதற்கும் அது நேரமல்ல. கச்சேரியின் பிற்பகுதியில், துக்கடாக்கள் எனப்படும் சிறு பாடல்கள் தொடங்கும் வேளையில், துண்டுச்சீட்டில் எழுதித் தொண்டர் மூலம் மேடைக்கு அனுப்புவது காலங்காலமாக உள்ள வழக்கம்; அதிலும் ஒரு பாட்டைக் கேட்டால் போதும், பட்டியல் வேண்டாம்.

கச்சேரி முடிந்த பிறகு நிலைமை வேறு. இரண்டரை மணி நேரம் பாடியவருக்கு, அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் உண்டு. ஆகவே போய்ப் பேசலாம், பேசவும் வேண்டும். திரை விழுந்ததும் மேடைமீது ஏறிவிடாமல், வயலின் பெட்டிக்குள்ளும் மிருதங்கம் உறைக்குள்ளும் போகும் வரை பொறுத்திருங்கள். பிறகு சொல்வதைச் சுருக்கமாகவும் குறிப்பாகவும் சொல்லுங்கள். "ரொம்பப் பிரமாதம்" என்பதை அன்றைக்கு அவர் நூறு பேரிடம் கேட்டிருப்பார். "தோடியில் கீழ் ஸ்தாயியில் நெடுநேரம் நின்றீர்களே, அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது" என்று சொன்னால் தலையை நிமிர்த்தி உங்கள் முகத்தைப் பார்ப்பார். ராகத்தின் பெயர் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை. "மூன்றாவதாகப் பாடியது மனத்தை விட்டுப் போகவில்லை, அது என்ன பாட்டு?" என்று கேட்கலாம், ஆர்வத்தோடு கேட்கிற புதியவருக்கு விளக்கம் சொல்வதில் பெரும்பாலான வித்வான்களுக்கு மகிழ்ச்சியே. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்வதுதான் மாட்டிவிடும். அவரைச் சோதிப்பதுபோல் "அந்த சுரம் காந்தாரமா, மத்தியமமா?" என்று மடக்குவதும் அழகல்ல.

பாராட்டிலும் சில வகைகள் குத்தும். "உங்கள் குருநாதரே வந்து பாடியதுபோல் இருந்தது" என்பதை இருபது வயதில் கேட்டால் இனிக்கும். ஐம்பது வயதில் கேட்டால், அப்படியானால் இத்தனை வருடம் நான் என்ன செய்தேன் என்றுதான் தோன்றும். "பத்து வருஷத்துக்கு முன்னால் உங்கள் குரல் எப்படி இருக்கும் தெரியுமா" என்பது பாராட்டே அல்ல. இன்னொரு பாடகரை மட்டம் தட்டி இவரை உயர்த்துவதையும் தவிருங்கள். அந்த இன்னொருவர் இவருக்கு நெருங்கிய நண்பராக இருக்கலாம், ஒரே குருவிடம் கற்றவராகவும் இருக்கலாம். குறை ஏதேனும் மனத்தில் பட்டிருந்தால் அதை வியர்வை உலராத நேரத்தில், நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள்.

இந்த இடத்தில் நம் ரசிகர்கள் பெரும்பாலும் தவறவிடுகிற ஒன்று இருக்கிறது. முக்கியக் கலைஞரைச் சுற்றிக் கூட்டம் மொய்த்துக்கொண்டிருக்க, வயலின் வாசித்தவரும் கடம் வாசித்தவரும் ஓரமாக நின்று காருக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பலர் அகில இந்தியப் புகழ் உள்ளவர்கள். பக்கவாத்தியம் என்ற ஒரே காரணத்தால் அவர்கள் கையில் கைப்பேசியைக் கொடுத்து, "கொஞ்சம் போட்டோ எடுத்துக் கொடுங்களேன்" என்று கேட்பதைப் பார்த்தவர்களுக்கு அதைவிடக் கூசும் காட்சி வேறு இருக்காது. முதலில் அவர்களிடம் போங்கள். தாள வாத்தியங்கள் மட்டும் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போய்விட்டவர்கள் மட்டும் மிருதங்க வித்வானிடம் தனி பற்றிப் பேச வேண்டாம். மேடையிலிருந்து பார்த்தால் காலியாகும் நாற்காலிகள் நன்றாகவே தெரியும்.

எப்படி அழைப்பது என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. சங்கீத வட்டாரத்துக்குள்ளேயே புழங்குகிறவர்கள் "அண்ணா", "மாமா", "மாமி" என்று அழைத்துக்கொள்வார்கள். அந்த உறவு உங்களுக்கு இல்லையென்றால் "சார்", "மேடம்", வயதில் பெரியவரானால் "ஐயா", "அம்மா" என்பவை எங்கும் பொருந்தும். வயதில் இளையவராக இருந்தாலும் பெயர் சொல்லி ஒருமையில் பேசக் கூடாது; சிறுவயதிலிருந்தே அந்தப் பெண்ணின் கச்சேரியைக் கேட்டுவருகிறோம் என்பது "என்னடி குழந்தே" என்று கன்னத்தைக் கிள்ளுவதற்கு உரிமை தராது. வணக்கம் சொல்லக் கைகூப்பினால் போதும். வயலின், வீணை, மிருதங்கம் வாசிப்பவர்களுக்கு விரல்தான் பிழைப்பு. அன்பின் மிகுதியில் அதை இறுக்கிப் பிடிக்காதீர்கள். காலில் விழுவது உங்கள் விருப்பம். எழுபது வயதுக்காரர் முப்பது வயதுப் பாடகரின் காலைத் தொடக் குனிந்தால் அவர் பதறிப்போவார் என்பதையும், நடைபாதையின் நடுவே விழுந்து வணங்கினால் பின்னால் வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் சரி.

சொந்த நேரத்தில் இருக்கும் கலைஞரை அணுகுவதுதான் இருப்பதிலேயே கடினம். கேன்டீனில் ஒருவர் வாழை இலையின் முன் அமர்ந்து, சாம்பாரைப் பிசைந்து முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகிறார், எதிரே நின்ற பெரியவர், "நீங்கள்தானே நேற்று கல்யாணி பாடினது?" என்கிறார். கவளம் இலைக்குத் திரும்புகிறது. பதில் வருகிறது. அடுத்தவர் வருகிறார். அதற்குள் ரசம் கொண்டுவருகிறவர் இரண்டு முறை வந்து போய்விடுகிறார். சாப்பிடும்போதும், மருத்துவமனையிலும், துக்க வீட்டிலும், குடும்பத்தாரோடு ஏதோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதும் ஒரு புன்னகைக்கு மேல் வேண்டாம். கை கழுவிவிட்டு வரும் வழியில் பேசினால் அதே மனிதர் பத்து நிமிடம் நின்று பேசுவார்.

சீசனில் பாடகர்கள் பலர் கச்சேரி நாளன்று முடிந்தவரை பேசாமல் இருப்பார்கள். பனி, ஏசி, அடுத்தடுத்த கச்சேரிகள் என்று தொண்டைக்குச் சோதனையான மாதம் அது. நீங்கள் சொன்னதற்கு வெறுமனே தலையசைத்துவிட்டுப் போனால், தலைக்கனம் என்று அன்று மாலையே ஊரெல்லாம் சொல்லிவிடாதீர்கள்.

திருவையாறு தியாகராஜ ஆராதனை இதற்குத் தனி உதாரணம். தியாகராஜர் சமாதியடைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காவிரிக் கரையில், பெயர்பெற்ற வித்வான்கள் எல்லோரும் தரையில் வரிசையாக அமர்ந்து அவர் இயற்றிய ஐந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவார்கள். பக்கத்திலேயே மாணவர்களும் ரசிகர்களும் உட்கார்ந்து பாடலாம். அங்கே எல்லோரும் தியாகராஜருக்கு அஞ்சலி செலுத்த வந்தவர்கள். முதல் கீர்த்தனையின் நாட்டை ராகத்தில் தொடங்கி, கடைசிக் கீர்த்தனையின் ஸ்ரீராகம் முடியும் வரை கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் பக்கத்திலிருப்பவரின் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருப்பது, பூஜை நடக்கும்போது அர்ச்சகரின் தோளைத் தட்டுவதற்கு ஒப்பானது. முடிந்து எழுந்த பிறகு, சன்னதிக்கு வெளியே, தாராளமாகப் பேசுங்கள். போகும்போதோ வரும்போதோ உழவன் எக்ஸ்பிரஸில் உங்கள் எதிர்ப் படுக்கை ஒரு வித்வானுக்கு அமைந்துவிட்டால், ஏறியவுடன் ஒரு வணக்கம், இறங்கும்போது இரண்டு வார்த்தை என்று வைத்துக்கொள்ளலாம். இரவு ரயிலில் அவருக்குத் தேவை தூக்கம்.

நாகஸ்வர, தவில் கலைஞர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களைக் கல்யாண வீட்டிலும் கோயில் வீதியிலும் இவ்வளவு கிட்டத்தில் பார்த்தும், நின்று ஒரு வணக்கம் சொல்லுகிறவர்கள் குறைவு. நாகஸ்வரக்காரர் ஊதுமுனையான சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தால் வாசிக்கத் தயாராகிறார் என்று பொருள். அப்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். தவில்காரரின் வலக்கை விரல்களில் கூடு மாட்டியிருக்கும், கைகுலுக்க இயலாது. தாலி கட்டி முடிந்து அவர்கள் பந்திக்குக் கிளம்பும் நேரம் நல்ல நேரம். அடுத்த பந்தியில் இடம் பார்த்து அவர்களை உட்கார வைத்தீர்களானால் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எங்கள் பெண் மூன்று வருஷமாகக் கற்றுக்கொள்கிறாள், ஒரே ஒரு வர்ணம் பாடட்டுமா?" என்று சபா வாசலில் கேட்காதீர்கள். கார் ஹாரன்களுக்கு நடுவே குழந்தை விழிக்கும். வித்வான் மறுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிப்பார். ஆசீர்வாதம் கேளுங்கள், கொடுப்பார். அவரிடம் கற்றுக்கொள்ள விருப்பமிருந்தால், யாரை எப்போது தொடர்பு கொள்ளலாம் என்று ஒரே கேள்வி கேட்டு விலகுங்கள். இலவச நுழைவுச்சீட்டு, வீட்டு விசேஷத்துக்குச் சன்மானம் எவ்வளவு, விருதுச் சர்ச்சையில் உங்கள் கட்சி எது ஆகிய மூன்றும் தெருவில் கேட்கத்தக்கவை அல்ல.

கைப்பேசியைப் பொறுத்தவரை, அனுமதி கேட்டு, கேமராவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டு, ஒரு படம் எடுத்து முடித்துவிடுங்கள். தோளில் கை போடாதீர்கள். பெண் கலைஞர்களிடம் இன்னும் கவனம் தேவை. அவர் அந்த இடத்தை விட்டுப் போகும் முன்பே "இன்னார் இதோ இந்தக் கடையில் இருக்கிறார்" என்று பதிவிடுவது, ஒருவர் நிம்மதியாகப் புடவை வாங்குவதையும் கெடுத்துவிடும். அரங்குக்குள் ஒலிப்பதிவு செய்ததை, பெருமையாக நினைத்து, அவரிடமே போட்டுக் காட்டுகிறவர்களும் உண்டு; சபா வேண்டாமென்று அறிவித்ததை மீறியதற்குச் சாட்சியைத் தாமே நீட்டுகிறோம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

சினிமா இசைக்காரர்களை விமான நிலையத்தில் சந்தித்தால் மேற்சொன்னவற்றைச் சுருக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நேரமும் குறைவு, கூட்டமும் அதிகம். பின்னணிப் பாடகரிடம் "இரண்டு வரி பாடுங்கள்" என்று கேட்காதீர்கள். இசையமைப்பாளரின் முன்னால் அவருடைய பாட்டைக் கைப்பேசியில் சத்தமாக வைப்பதும் வேண்டாம்; மாதக்கணக்கில் உழைத்து ஒலிக்கலவை செய்ததை அந்தத் துளி ஸ்பீக்கரில் கேட்பது அவருக்குத் தண்டனை. ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவரிடம் புகழ்ந்துவிடும் விபத்து அடிக்கடி நடக்கிறது. உறுதியாகத் தெரியாவிட்டால் பாட்டின் பெயரைச் சொல்லாமல், "உங்கள் பாட்டுகளோடுதான் வளர்ந்தோம்" என்று நிறுத்திக்கொள்ளலாம். இரட்டையராகப் பாடும் சகோதரிகளில் ஒருவரை மட்டும் பார்த்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும், "அக்காவா, தங்கையா?" என்று கேட்காமலேயே இரண்டு நிமிடம் பேசிவிடலாம்.

அடுத்த சீசனில் அதே வித்வானை மறுபடி சந்திக்க நேர்ந்தால், உங்களை நினைவிருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஒரு மாதத்தில் ஆயிரம் முகங்களைப் பார்க்கிறவர், நினைவில்லை என்று சொல்லக் கூசி, இருப்பதுபோல் நடிக்க வேண்டியிருக்கும். உங்கள் பெயரையும் ஊரையும் நீங்களே சொல்லி, அன்று காலை கேட்ட பாட்டிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.