விட்டுப்போன இம்யூனோதெரபி ஊசியை மீண்டும் தொடங்குவதற்கு முன்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து புற்றுநோய் ஊசிக்காகப் பெங்களூருக்கோ வேலூருக்கோ சென்றுவரும் குடும்பங்களில், மாங்காய் பறிப்பு, வீட்டுக் கல்யாணம், பணம் புரளாதது என ஏதோ ஒரு காரணத்தால் தேதி தவறுவது புதிதல்ல. இம்யூனோதெரபி என்பது உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை. அதில் தரப்படும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய மருந்துகள் உடலில் பாதியளவாகக் குறைவதற்கே 3 வாரங்களுக்கு மேல் ஆகும் என்பதால், சில நாள் தாமதத்துக்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் அதே காரணத்தால், ஊசி நின்று பல மாதங்கள் கழிந்த பிறகும் பக்கவிளைவு தலைகாட்டலாம்.

தேதி தவறியது தெரிந்தவுடன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிப் புதிய தேதி வாங்குங்கள். விட்டதை ஈடுகட்ட இரட்டை அளவு ஏற்றுவதில்லை. வழக்கமான அளவையே கொடுத்து, அடுத்த தேதியை அந்த நாளிலிருந்து கணக்கிடுவார்கள்.

இடைவெளியில் நடந்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வதுதான், என் கணிப்பில், எல்லாவற்றிலும் முக்கியமானது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் "வயிறு கொஞ்சம் சரியில்லை" என்று மட்டும் சொல்லி, பழியை மாம்பழத்தின் மேல் போட்டார். கேட்டுக் கேட்டு எண்ணியபோது நாளுக்கு ஆறு முறை போயிருந்தது. வழக்கத்தைவிட 4 முறை கூடினாலே அது குடல் அழற்சியாக இருக்கலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும்வரை அடுத்த ஊசியை ஏற்றக்கூடாது. காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு, தோல் தடிப்பு, புதிதாகச் சாப்பிட்ட மாத்திரைகள், நாட்டு மருந்து, தடுப்பூசி ஆகியவற்றையும் எழுதுங்கள்.

பக்கவிளைவால் ஊசி நிறுத்தப்பட்டிருந்தால் கதை வேறு. தொந்தரவு ஏறத்தாழ முழுவதும் அடங்கி, அதை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையின் அளவு நாளொன்றுக்குப் பிரெட்னிசோலோன் 10 மி.கி. அல்லது அதற்குக் கீழே வந்த பிறகே பொதுவாக மறுபடி தொடங்குவார்கள். ஊசியைச் சீக்கிரம் போட வேண்டும் என்ற அவசரத்தில் அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். தைராய்டு சுரப்பு குறைந்தவர்கள் தைராய்டு மாத்திரையுடன் ஊசியைத் தொடரலாம். இதயத்தசை அழற்சி வந்தவர்களுக்கு, அது அடங்கிய பிறகும் பொதுவாக மறுபடி கொடுப்பதில்லை.

ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியாட்டினின் (சிறுநீரகம்), சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகளை உள்ளூரிலேயே முன்கூட்டிச் செய்யலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொண்டால், அங்கே போய் வெறுங்கையுடன் திரும்பும் அலைச்சல் மிச்சமாகும். இடைவெளி நீண்டிருந்தால் புதிய சி.டி. ஸ்கேனும் கேட்பார்கள்.

ஊசி போட்டு வீடு திரும்பிய பிறகு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மலத்தில் ரத்தம், கண்ணில் மஞ்சள், இமை தொங்குதல், அடங்காத தாகம் ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் "புற்றுநோய்க்கு ஊசி" என்றால் கீமோ என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். எனவே இம்யூனோதெரபி என்று சொல்லி, மருந்தின் பெயரும் கடைசியாகப் போட்ட தேதியும் உள்ள சீட்டைக் காட்டுங்கள்.